தண்ணீர் வண்டி ஓடிய ஊர்: சிங்கப்பூர் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஆளுநர்களையும் போர்களையும் விட்டுவிட்டு, சிங்கப்பூரின் தெருப் பெயர்களையும் குழாய் நீரையும் கழிப்பறையையும் கடிகாரத்தையும் பற்றிக் கேட்டிருக்கின்றன. ஓர் ஊரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால், சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: என் பாட்டி சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோவிலைச் "சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில்" என்றுதான் கடைசி வரை சொன்னார். அந்தப் பெயர் எப்படி வந்தது? (உட்லண்ட்ஸ் வாசகி ஒருவர்)

உங்கள் பாட்டி சொன்னது அந்த இடத்தின் பழைய தமிழ்ப் பெயரையே. குடியிருப்பைக் குறிக்கும் 'கம்போங்' என்ற மலாய்ச் சொல் இங்குள்ள தமிழர் பேச்சில் 'கம்பம்' ஆயிற்று; தேனி மாவட்டத்துக் கம்பத்துக்கும் இதற்கும் உறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கடலிலிருந்து எடுத்த பவளப் பாறைத் துண்டுகளையும் சிப்பிகளையும் அவற்றில் சுட்டு நீற்றிச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அந்த வேலையைச் செய்த தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த இடம் சுண்ணாம்புக் கம்பம்; அவர்கள் கும்பிட்ட அம்மன் கோவில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில். 1881ஆம் ஆண்டில் எழுந்த கோவில் என்று பொதுவாகக் குறிக்கப்படுகிறது.

சிமென்ட் புழக்கத்துக்கு வராத காலத்தில் சுண்ணாம்பு எவ்வளவு பெரிய பொருள் என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். செங்கல்லை இணைக்கவும் சுவரைப் பூசவும் தரையை மெழுகவும் அதுவே வேண்டும். ஓலைக் குடிசைகளாக இருந்த ஓர் ஊர் ஓட்டு வீடுகளும் கடைவீடுகளும் நிறைந்த நகரமாக மாறியதற்கு, செங்கல் சூளைக்கு அடுத்தபடி, காளவாயின் நெருப்பே காரணம். செங்கல் சூளையிலும் ஒரு தமிழர் முந்திக்கொண்டார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1819ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கிலிருந்து, இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் கப்பலில் வந்த நாராயணப் பிள்ளைதான், வீடு கட்டச் செங்கல் இல்லாமல் ஊர் திணறுவதைக் கண்டு, இங்கே சூளை வைத்தவர். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் அமைந்த மாரியம்மன் கோவிலைத் தொடங்கியவரும் அவரே.

சுண்ணாம்பின் நயத்தைக் காண விரும்புபவர்கள் புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்குப் போக வேண்டும். இடி தாக்கிப் பழுதடைந்த பழைய ஆலயம் இருந்த இடத்தில், 1856இல் அடிக்கல் நாட்டி, 1861இல் வழிபாடு தொடங்கிய கட்டடம் அது. அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825இல் சுமத்ராவிலுள்ள பென்கூலனிலிருந்து முதல் தொகுதியாக 200 பேருக்கு மேல் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சென்னை மாகாணத்தாரும் வங்காளத்தாரும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு 1873இல் கைதிச் சிறை மூடப்படும் வரை, இத்தீவின் சாலைகள், பாலங்கள், கலங்கரை விளக்கங்கள், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகை என எல்லாவற்றிலும் அவர்களுடைய கை பட்டிருக்கிறது. தேவாலயத்தின் உட்சுவருக்கு அவர்கள் பூசியது 'சென்னைச் சுண்ணம்' என்று பெயர் பெற்ற சாந்து. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, கருப்புச் சர்க்கரை ஆகியவற்றை அடித்துக் களியாக்கி, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்து, பூசிய பின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது அதன் முறை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்முறை புதிதாக இராது; அதே கைப்பக்குவம் கடல் கடந்து ஓர் ஆங்கிலேயத் தேவாலயத்தின் சுவராக நிற்கிறது.

இரண்டையும் நான் ஒன்றாகக் குழப்ப விரும்பவில்லை. சுண்ணாம்புக் கம்பத்தார் கூலிக்கு உழைத்தவர்கள். தேவாலயத்தைக் கட்டியவர்கள் சங்கிலியோடு வந்தவர்கள். ஆனால் ஆளுநர்களின் பெயர்கள் தெருப் பலகைகளில் நிற்க, சுண்ணாம்பு சுட்டவர்களின் வேலை உங்கள் பாட்டியின் வாய்ச்சொல்லில் நின்றிருக்கிறது என்பதை எண்ணும்போது, அந்தப் பெயரை நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கேள்வி: 'தேக்கா' தமிழ்ச் சொல்லா? அங்கே தேக்கு மரம் இருந்ததாக ஒருவர் சொன்னார். (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

இல்லை, லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவின் பெயரில் இருப்பது தேக்கு அன்று, மூங்கில். ஹொக்கியன் சீனத்தில் 'சிறு மூங்கில்களின் அடிவாரம்' என்று பொருள்படும் 'தெக் கியா கா' என்ற தொடர் தேய்ந்து தேக்கா ஆயிற்று. அதே இடத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம். மகப்பேற்றுக்குப் பெயர் பெற்ற கேகே மருத்துவமனையின் 'கேகே' இந்தத் தொழுவத்தின் முதலெழுத்துகளே என்பது, அங்கே பிறந்தவர்களுள்கூடப் பலருக்குத் தெரியாது.

ரொச்சோர் ஆற்றங்கரையின் ஈரமும் புல்லும் மாடு வளர்க்க ஏற்றவையாக இருந்ததால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கால்நடை வணிகம் இங்கே செழித்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூத வணிகர் அதில் பெரும்புள்ளி. வீரமாகாளியம்மன் கோவிலை ஒட்டிச் செல்லும் பெலிலியோஸ் சாலை அவர் பெயரைத் தாங்கியது. பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் ஒரே எருமையின் ஆங்கிலப் பெயரும் மலாய்ப் பெயருமாக அருகருகே கிடக்கின்றன. மாடு இருந்த இடத்தில் மாட்டைப் பராமரிக்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் தெரிந்தவர்கள் வந்தார்கள். அப்படி வந்த தமிழரும் வட இந்தியரும் தங்கியதே 'லிட்டில் இந்தியா'வாக வளர்ந்தது. அதை யாரும் இந்தியர் வட்டாரமாகத் திட்டமிட்டுப் பிரித்துக் கொடுக்கவில்லை. 1915இல் கட்டிய பழைய தேக்காச் சந்தை, சிராங்கூன் சாலையின் எதிர்ப்பக்கம் இருந்தது. சந்தையின் இன்றைய கட்டடம் 1982இல் வேறொரு பெயரில் திறக்கப்பட்டு, மக்கள் விடாமல் தேக்கா என்றே அழைத்ததால், 2000இல் அந்தப் பெயரையே பெற்றது.

கேள்வி: ஆறும் ஏரியும் பெரிதாக இல்லாத தீவில், குழாய் வருவதற்கு முன் மக்கள் எதைக் குடித்தார்கள்? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்)

காவிரிக் கரையிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தமே. மழைக்குக் குறைவில்லாத தீவு இது. ஆனால் பெய்ததைப் பிடித்து வைக்க இடமில்லாத தீவு. ஆகவே சிங்கப்பூரின் அன்றாட வரலாற்றில் பாதி, நீரைத் தேடிய வரலாறு.

தொடக்கத்தில் கிணறுகளும் குன்றடி ஊற்றுகளுமே கதி. சீனர் வட்டாரத்துக்கு அன் சியாங் குன்றின் கிணற்றிலிருந்து மாட்டு வண்டிகளில் நீர் போயிற்று. அதனால் அந்த இடம் மலாயில் 'கிரேத்தா ஆயர்', அதாவது தண்ணீர் வண்டி எனப்பட்டது. சீனத்திலும் சைனாடவுனுக்கு 'மாட்டு வண்டி நீர்' என்று பொருள்படும் பெயரே இன்றுவரை வழங்குகிறது. இன்று சைனாடவுனில் இறங்கும் சுற்றுலாப் பயணி சிவப்பு விளக்குகளைப் பார்க்கிறார். அந்த ஊர்க்காரரோ ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லும்போது ஒரு நீர் வண்டியைச் சொல்கிறார்.

மக்கள் பெருகப் பெருகக் கிணறுகள் கெட்டன. 1857இல் 'தான் கிம் செங்' என்ற சீன வணிகர், நகருக்கு நல்ல நீர் கொண்டுவர 13,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார். அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. அவர் நினைத்தபடி அந்தப் பணம் பயன்படவில்லை. திட்டம் தவறாகப் போய், பணம் கரைந்தது. தாம்சன் சாலைப் பக்கம் நீர்த்தேக்கம் 1868இல் முடிந்த பின்னும், நீரை ஏற்றும் இயந்திரமும் குழாய்களும் அமைந்து ஊருக்குள் நீர் வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் கொடையாளர் இறந்துவிட்டார். 1882இல் நகராட்சி அவர் நினைவாக ஒரு நீரூற்று எழுப்பியது. நீரைக் கண்ணால் காணாமல் போனவருக்கு நீரூற்றால் நன்றி சொன்னது எனக்கு எப்போதும் மனத்தை வருத்தும் செய்தி. அந்த நீரூற்று இரண்டு முறை இடம் மாறி, 1925 முதல் எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. அந்த முதல் நீர்த்தேக்கத்தைப் பின்னாளில் விரிவுபடுத்திய நகராட்சிப் பொறியாளர் மெக்ரிட்சியின் பெயர் 1922இல் அதற்கு இடப்பட்டது.

உள்ளூர் நீர்த்தேக்கங்கள் போதாதபோது பார்வை கடலுக்கு அப்பால் சென்றது. மலாய்த் தீபகற்பத்தின் தென்கோடியிலுள்ள ஜொகூரோடு தீவை இணைக்கும் ஜொகூர் பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. 1927இல் ஜொகூர் சுல்தானுடன் முதல் நீர் உடன்படிக்கை. குழாய் வழி வந்த அந்த நீரின் அருமை 1942இல் கொடுமையாகத் தெரிந்தது. ஜப்பானியர் நெருங்கியபோது பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே பாலத்தை வெடிவைத்துத் தகர்க்க, அதோடு குழாயும் அறுந்தது. பிறகு தீவுக்குள்ளிருந்த நீர்த்தேக்கங்களும் ஜப்பானியர் கையில் விழுந்தன. பிப்ரவரி 15ஆம் நாள் நிகழ்ந்த சரணடைவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, நகரில் நீர் தீர்ந்துகொண்டிருந்தது என்பதுதான்.

என் தாயாரின் நினைவில் நிற்பது வேறொரு பஞ்சம். 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை பத்து மாதங்கள், வட்டாரம் வட்டாரமாக நேரம் குறித்து நீரை நிறுத்தினார்கள். பொதுக் குழாயடியில் தகர டின்களை வரிசையாக வைத்து இடம் பிடிப்பார்களாம். டின்னின் பிடியில் கட்டிய துணியின் நிறத்தைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுவார்களாம். அரிசி கழுவிய நீர் செடிக்கும், குளித்து வழிந்த நீர் கழிப்பறைக்கும் போயிற்று. அவர் இன்றும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்குபவர்களைப் பொறுத்துக்கொள்வதில்லை.

அதற்குப் பிந்திய கதை பலருக்கும் தெரிந்ததே: 1961, 1962ஆம் ஆண்டுகளின் ஜொகூர் உடன்படிக்கைகள் (பின்னது 2061 வரை செல்லும்), 2003இல் தொடங்கிய, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் 'புதுநீர்', 2005இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஆனால் சிங்கப்பூர் ஆற்றைப் பற்றி மட்டும் ஒரு சொல். படகுகளும் பட்டறைகளும் பன்றிப் பண்ணைகளும் கழித்ததெல்லாம் சேர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டியதாக இருந்த அந்த ஆற்றை, 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் பாடுபட்டுத் தூய்மையாக்கினார்கள். சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 2008இல் மரீனா அணைக்கட்டு ஆற்றின் வாயை அடைத்த பிறகு, அந்த ஆறே குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

கேள்வி: 'டோபி காட்' என்பது வட இந்தியப் பெயராக இருக்கிறதே? (சிங்கப்பூர்க் கல்லூரி மாணவர் ஒருவர்)

ஆம், இந்தியில் 'வண்ணார் துறை' என்பதுதான். இன்று ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாக மூடுண்டு ஓடும் பிராஸ் பாசா சிற்றாறு அப்போது நன்னீர் ஓடையாக இருந்தது. வட இந்தியாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்துப் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். ஓடை போய், துறை போய், பெயர் மட்டும் 1987இல் திறந்த ரயில் நிலையத்துக்குச் சென்று சேர்ந்தது. பிராஸ் பாசாவுக்குப் பொருள் 'ஈர அரிசி'. ஏறத்தாழ ஒரே ஓடைக்கரையில் நனைந்த துணிக்கும் நனைந்த அரிசிக்கும் பெயர்கள் இருப்பதை அந்த வழியே போகும்போது கவனியுங்கள்.

கேள்வி: கடற்கரையில் இருந்ததாகச் சொல்லப்படும் நாகூர் தர்காவிலிருந்து கடல் கண்ணுக்கே தெரியவில்லை. கடல் எங்கே போயிற்று? (நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்)

கடலை மலையைக் கொண்டு மூடிவிட்டார்கள். இதை உவமையாகச் சொல்லவில்லை. தெலோக் ஆயர் என்றால் நீர் விரிகுடா. தெலோக் ஆயர் தெருவே அன்றைய கரை. பல வாரங்கள் கடலில் அலைப்புண்டு வந்தவர்கள் கால் வைத்ததும் நன்றி செலுத்த விரும்பினார்கள் என்பதால், ஒரே தெருவில் அடுத்தடுத்து வழிபாட்டிடங்கள் எழுந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தங்கள் ஊரின் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவைக் கட்டினார்கள். சற்றே தள்ளி, ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் தமிழில் 'குச்சுப் பள்ளி' என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசல். இரண்டுக்கும் நடுவே, கடலோடிகளைக் காக்கும் 'மாசு' என்ற சீனப் பெண் தெய்வத்துக்கு ஹொக்கியன் சீனர் 1842இல் முடித்த தியான் ஹொக் கெங் கோவில். நாகூரில் கடலுக்குப் போகுமுன் வேண்டிக்கொள்பவருக்கும், சீனக் கரையில் மாசுவை வேண்டிக்கொண்டு கப்பலேறியவருக்கும் மனத்தில் இருந்த அச்சம் ஒன்றுதான். அவர்கள் இங்கே அண்டை வீட்டாரானதில் வியப்பில்லை.

1879 முதல் அந்த விரிகுடாவைத் தூர்க்கத் தொடங்கினார்கள். அருகிலிருந்த வாலிச் குன்றை வெட்டிய மண்தான் கடலுக்குள் போயிற்று. ராபின்சன் சாலையும் செசில் தெருவும் அந்த மண்ணின் மேல்தான் செல்கின்றன. இதற்கு முன்னோடியும் உண்டு: 1822இலேயே, இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்துக் குன்றை வெட்டி, ஆற்றின் தென்கரைச் சதுப்பை நிரப்பிப் படகுத் துறை அமைத்தார்கள். பீச் சாலையில் கடற்கரை இல்லாததற்கும் காரணம் இதுவே; 1887இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் திறந்தபோது அதன் எதிரே அலை அடித்தது. 1960களில் ஏறத்தாழ 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது என்றால், தெலோக் ஆயர் ஒரு தொடக்கம் மட்டுமே என்பது விளங்கும்.

கேள்வி: பழைய கடைவீடுகளின் பின்னால் குறுகிய சந்தும், சிலவற்றில் சுழல் இரும்புப் படிக்கட்டும் எதற்கு? முன்னால் உள்ள 'அஞ்சடி' எப்படி வந்தது? (ஈசூன் வாசகர் ஒருவர்)

முதலில் முன்பக்கம். கட்டடத்தின் முன் தொடர்ச்சியான கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்று 1822இலேயே ராஃபிள்ஸ் நகர அமைப்புக்கு விதி வகுத்தார். அது ஐந்தடி அகலம் எனப் பேச்சில் நிலைத்து, மலாயில் 'காக்கி லீமா', தமிழில் அஞ்சடி ஆயிற்று. நடப்பவருக்காக உண்டான இடத்தில் முடிதிருத்துபவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், கிளி சோதிடர், பூக்கட்டுபவர், சில்லறைப் பொருள் விற்கும் மாமாக் கடைக்காரர் எல்லோரும் குடிபுகுந்தார்கள். நகராட்சி அந்தக் கடைகளை அகற்ற முனைந்தபோது 1888இல் கலவரமே மூண்டது. படிப்பறியாத கூலித் தொழிலாளி ஒருவர் ஊருக்குப் பணம் அனுப்பவும், மனைவியின் கடிதத்தைப் படித்துக் கேட்கவும் வேறு இடம் தேட வேண்டியதில்லாமல் இருந்தது இந்த அஞ்சடியால்தான்.

பின்பக்கக் கதை சொல்லக் கூசுவது. ஆனால் சொல்லாமல் விட்டால் அந்த வேலையைச் செய்தவர்களை மறந்ததாகும். நகரின் பெரும்பகுதியில் நெடுங்காலம் வாளிக் கழிப்பறைதான். கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றதால், மலக்கூடையை வீட்டுக்குள்ளேயே, சமையலறையைக் கடந்து, முன்வாசல் வழியாகத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. 1907இல் வெளிவந்த சிம்சன் என்ற சுகாதார வல்லுநரின் அறிக்கை, காற்றும் வெளிச்சமும் இல்லாத இந்த வீடுகளையும் அவற்றின் சாவுக் கணக்கையும் எடுத்துக்காட்டி, பின்னால் சந்து வெட்ட வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன்படி வீடுகளின் பின்பகுதிகளை இடித்துச் சந்துகள் மெல்ல மெல்ல உண்டாக்கப்பட்டன. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனத்தின் தொடக்க வேலைகளுள் இதுவும் ஒன்று. மாடியில் குடியிருந்தவர்களின் வாளியை வீட்டுக்குள் நுழையாமல் எடுக்கவே அந்தச் சுழல் படிக்கட்டு.

வாளிகளை எடுத்துச் சென்ற லாரியில் பக்கவாட்டில் சிறு சிறு கதவுகள் வரிசையாக இருக்கும். 'முப்பத்தாறு கதவு' என்றே சீனர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். என் பெரியம்மா வீட்டில் 1970களின் இறுதி வரை இந்த ஏற்பாடுதான். விடியற்காலையில் வந்து போகும் அந்த மனிதரின் முகத்தை நாங்கள் ஒருவரும் நேராகப் பார்த்ததில்லை என்பது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தீபாவளிக்குப் பெரியம்மா ஒரு பொட்டலம் பலகாரத்தைச் சந்துப் பக்கத் திண்டில் வைப்பார், அவ்வளவுதான். 1987 ஜனவரியில் லோரோங் ஹலுஸில் இருந்த கடைசி நிலையம் மூடப்பட்டபோது வாளி முறை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில்தான் முதல் எம்ஆர்டி ரயிலும் ஓடியது.

கேள்வி: சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆறு மணிக்கே விடிய வேண்டாமா? (சென்னையிலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கும் வாசகி ஒருவர்)

சூரியன் சரியாகத்தான் இருக்கிறது, அம்மா. கடிகாரம்தான் முன்னே போய்விட்டது. இத்தீவின் தீர்க்கரேகைக்கு உரிய நேரம் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே முந்தும். 1905இல் ஏழு மணி நேரமாக வகுத்தார்கள். 1933இல் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க இருபது நிமிடம் சேர்த்தார்கள். 1941இல் அது அரை மணியாயிற்று. ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளும் தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி நேரம் முந்தியது. கடிகாரம் ஆறு காட்டும்போது அதற்கு முந்திய கணக்கில் நாலரைதான் ஆகியிருக்கும். போருக்குப் பின் பழைய ஏழரைக்குத் திரும்பினார்கள்.

1982ஆம் ஆண்டு பிறந்தபோது, தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்க அரை மணி முன்னே போயிற்று. சிங்கப்பூரும் உடன் சென்றது. டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரைக்கே நள்ளிரவு வந்துவிட்டது. நான் அப்போது பள்ளி மாணவன்; மறுநாளிலிருந்து காலைப் பள்ளிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் நடந்தோம். அதற்கு முன்பு இந்தியாவுக்கும் இங்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். அது இரண்டரை ஆனபின், ஊருக்குத் தொலைபேசியில் அழைக்கும் பெரியவர்கள் வெகுநாள் கணக்கைத் தவறவிட்டார்கள்.

உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று. சூரிய உதயத்தை ஆறு மணியாகக் கொண்டு அச்சிட்ட இராகு காலப் பட்டியலை இங்கே அப்படியே பார்க்காதீர்கள். இங்கே ஆண்டு முழுவதும் உதயம் ஏழு மணியை ஒட்டியே இருப்பதால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை என்று போட்டிருந்தால் இங்கே எட்டரை முதல் பத்து வரை. உள்ளூர்க் கோவில்களில் கிடைக்கும் நாட்காட்டியை உங்கள் மகளிடம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் ஒரே ஒரு காலைப்பொழுது சிங்கப்பூரில் இருப்பேன். நீங்கள் எழுதும் பழைய ஊரை எங்கே பார்ப்பது? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

தெலோக் ஆயர் நிலையத்தில் இறங்கி, தெருவின் ஒரு முனையிலிருந்து நாகூர் தர்கா, தியான் ஹொக் கெங், குச்சுப் பள்ளி என்று நடங்கள். அங்கிருந்து அன் சியாங் குன்றின் மேல் ஏறி மறுபுறம் இறங்கினால், தண்ணீர் வண்டி சென்ற வழியிலேயே சைனாடவுனுக்கு வந்துவிடலாம். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோவிலும், தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய 'பெரிய பள்ளி' என்னும் ஜாமிஆ பள்ளிவாசலும் சில அடி தூரத்தில் இருக்கின்றன. நடுவிலுள்ள பகோடா தெருவின் பெயர் மாரியம்மன் கோவில் கோபுரத்தைக் குறித்தது. பிறகு சிட்டி ஹால் நிலையத்துக்கு ரயிலேறிப் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் உட்சுவரைப் பாருங்கள்; அங்கிருந்து சாலையைக் கடந்தால் எஸ்பிளனேட் பூங்காவில் 'தான் கிம் செங்'கின் நீரூற்று. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமானால் எட்டு மணிக்குத் தொடங்குங்கள். இங்கே அது விடிந்து ஒரு மணி நேரம்தான்.